ஏணியடியில் கொடுத்த பை

ஜனவரி 5, ஞாயிறு

இருபது வருஷமாக டைரி சும்மா வந்துகொண்டிருந்தது. கம்பெனி டைரி ஒன்று, டீலர்கள் தருவது நாலைந்து. அக்கம்பக்கத்துக்கெல்லாம் நானே எடுத்துக் கொடுப்பேன். இந்த வருஷம் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினேன். "கணக்கு எழுதறதுக்குங்களா, சும்மா எழுதறதுக்குங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். சும்மாதான் என்றேன்.

பம்ப் கம்பெனி கோயமுத்தூர்க் கிளையை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. சேல்ஸ் மேனேஜர் மோகனசுந்தரம் என்று அச்சடித்த கார்டு இன்னும் ஒரு பெட்டி மீதம் இருக்கிறது. பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதிக்கொள்கிறேன்.

ஜனவரி 9, வியாழன்

என் மனைவி சுகந்தியிடம் வேலை செய்த பிரவீணாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டுவிட்டாள். ஊர் ஊராகப் போய்க் கல்யாணப் போட்டோ எடுக்கிற வேலை வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம்.

தோசை வார்த்துக்கொண்டே சுகந்தி ஆரம்பித்தாள். "ஏனுங்க, தப்பா நெனைக்காட்டி ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"ஹைதராபாத் கல்யாணத்துக்கு நீங்க கூட வர்றீங்களா? பையைத் தூக்கோணும், லைட் புடிக்கோணும். வெளியாளை நம்பிப் பையைக் குடுக்கப் பயமா இருக்குது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வரவில்லை என்றால், வீட்டில் அப்படியென்ன வேலை என்று கேட்டிருக்கலாம். அவள் அப்படியெல்லாம் கேட்கிறவள் இல்லை. கேட்டால் பரவாயில்லை. கேட்காமல் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சரி என்றேன்.

அந்தப் பை என்பது கறுப்பாக, சக்கரம் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் உயரத்துக்கு இருக்கும். உள்ளே ஒரு கேமரா பாடி, நாலு லென்ஸ், பிளாஷ் வகையறா. இன்னொரு பாடியைச் சின்ன லென்ஸோடு தன் தோளிலேயே மாட்டிக்கொள்வாள். எங்கள் காரை விற்றுத்தான் இதெல்லாம் வாங்கியது. கார் என் பெயரில் இருந்தது. கையெழுத்து நான்தான் போட்டேன். மனசாரத்தான் போட்டேன்.

ஜனவரி 13, திங்கள்

பீளமேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் இன்டர்வியூ. எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு என்னிடம் டிரெயினியாகச் சேருகிற வயசு இருக்கும். "உங்க எக்ஸ்பீரியன்ஸுக்கு எங்க சம்பளம் ஒத்துவராதுங்க சார்" என்றான். ஒத்துவரும் என்றேன். சிரித்தான். "சொல்லி அனுப்பறோம் சார்." சொல்லி அனுப்பமாட்டார்கள். நானும் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி ஓடி வந்து கேட்டாள். அடுத்த வாரமே சேரச் சொல்கிறார்கள், உன்னோடு ஹைதராபாத் வரவேண்டியிருக்கிறதே என்று வேண்டாம் என்றுவிட்டேன் என்றேன். எப்படிச் சொன்னால் என்ன, வேலை இல்லை என்பது ஒன்றுதான்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் கடைவீதிக்குப் போய் எனக்குப் பொங்கலுக்கு இரண்டு சட்டை எடுத்துவந்தாள்.

ஜனவரி 22, புதன்

ஹைதராபாத். கோயமுத்தூர் விமான நிலையத்தில் கேமரா, லென்ஸ், பேட்டரி எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்துத் தனித்தனி டிரேயில் வைக்கச் சொன்னார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நீளமான வெள்ளை லென்ஸைத் தூக்கிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார் அங்கிருந்தவர். லென்ஸ் என்றேன். எதற்கு என்றார். எனக்கு எப்படித் தெரியும்? அதற்குள் சுகந்தி வந்து சொல்லிவிட்டாள்.

"இவர் உங்க அசிஸ்டென்ட்டா மேடம்?"

"ஆமாங்க..." என்றவள், என்னைப் பார்த்துவிட்டு, "என் வீட்டுக்காரர்" என்றாள்.

ஆமாங்க என்பதுதான் முதலில் வந்தது.

விமானத்தில் ஏறியதும் பையைத் தலைக்கு மேலே வைத்து மூடி, உட்கார்ந்த பிறகும் இரண்டு தடவை எழுந்து பார்த்தாள். "யாரு கேட்டாலும் இதைக் கையை விட்டுக் குடுத்துராதீங்க. உள்ளே உடையற சாமான் இருக்குதுன்னு சொல்லோணும், சொன்னா விட்டுருவாங்க" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். முந்நூறு டீலர்களைக் கட்டி மேய்த்தவனுக்கு.

ஜனவரி 24, வெள்ளி

கல்யாணம் முடிந்தது. மூன்று வேளையும் லைட் பிடித்தேன். பெண் வீட்டுக் குழந்தைகள் எனக்கு "லைட்டண்ணா" என்று பெயர் வைத்துவிட்டன. பிறகு பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். லைட்டண்ணா கொஞ்சம் நகருங்க. லைட்டண்ணா சாப்பிட்டாச்சா? சுகந்தி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததா என்று பார்த்தேன். முகம் கேமராவுக்குப் பின்னால் இருந்தது.

திரும்பும்போது விமான நிலையத்தில் என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம், எதற்கோ மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். நான் பேட்டரிகளைச் சூட்கேஸில் வைத்திருந்தேனாம். கையில்தான் எடுத்துப் போக வேண்டுமாம். எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்து, என் பனியன்களுக்கு நடுவிலிருந்து எடுத்தார்கள். சுகந்தி அதைச் சூட்கேஸ் மூடியில் எழுதி ஒட்டியிருந்தாளாம். நான் பார்க்கவில்லை.

"பரவால்லைங்க, மொத தடவைதானே" என்றாள். பிரவீணாவுக்கும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி 3, திங்கள்

ஒன்றும் இல்லை. பையைத் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன்.

பிப்ரவரி 8, சனி

அடுக்ககக் கூட்டத்துக்குப் போனேன். புதிதாகக் குடிவந்தவரிடம் செயலாளர் என்னை அறிமுகப்படுத்தினார்: "நம்ம போட்டோகிராஃபர் மேடத்தோட வீட்டுக்காரர்." அவர் உடனே, மேடம் குழந்தைகளை எடுப்பார்களா, எவ்வளவு ஆகும் என்று கேட்க ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மேடத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

மகள் ரோஷிணி ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா இல்லியாப்பா? சரி, அப்பறமா பேசறேன்."

பிப்ரவரி 13, வியாழன்

நாளை யாழ்ப்பாணம். லண்டனில் இருக்கிற குடும்பம், சொந்த ஊரில் வந்து கல்யாணம் செய்கிறார்கள். சுகந்தியின் படங்களைப் போனில் பார்த்துப் பிடித்துப்போய்க் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்கு வெளிநாட்டு வேலை இதுதான் முதல். இது நன்றாக அமைந்துவிட்டால் லண்டனிலிருந்தே கூப்பிடுவார்களாம். சாமி படத்துக்கு முன்னால் பையை வைத்துக் கும்பிட்டாள். ராத்திரி ரயிலில் சென்னை.

பிப்ரவரி 14, வெள்ளி

யாழ்ப்பாணத்தில் கல்யாண வீட்டார் எடுத்துக் கொடுத்த அறையில் எழுதுகிறேன். சுகந்தி அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் சென்னை விமான நிலையச் சுங்கத்தில், கேமரா எல்லாம் இங்கிருந்து போனதுதான் என்று பதிவு செய்ய வேண்டியிருந்தது. இல்லையென்றால் திரும்பும்போது வரி கேட்பார்கள். சுகந்தி போனாள். பையைத் தள்ளிக்கொண்டு நானும் போனேன். "மேடம் மட்டும் வாங்க, உங்க ஸ்டாஃப் அங்கயே நிக்கட்டும்" என்றார் உள்ளே இருந்தவர். சுகந்தி பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இந்தத் தடவை வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. அவசரமாக இருந்திருக்கும்.

கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் ஒவ்வொரு லென்ஸாக எடுத்து அவருக்கு நம்பர் காட்டினாள். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

விமானம் சின்னது, இரண்டு பக்கமும் விசிறி வைத்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துபோய் ஏற வேண்டும். சுகந்தி முன்னால் போய் ஏறிவிட்டாள். நான் பையைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தேன். ஏணியடியில் ஒருவர் நின்று, பெரிய பைகளையெல்லாம் வாங்கி மஞ்சள் சீட்டுக் கட்டி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இடம் போதாதாம், இறங்கினதும் தருவார்களாம். பக்கத்தில் இன்னொரு விமானம் உறுமிக்கொண்டிருந்தது. அவர் என்னவோ கேட்டார். நான் தலையாட்டினேன். பையை வாங்கிக்கொண்டார்.

வெறுங்கையோடு ஏணியில் ஏறினேன்.

"பை எங்கீங்க?" என்றாள்.

"வாங்கிட்டாங்க."

"குடுக்கமாட்டேன்னு சொல்லலீங்களா?"

"சொன்னாக் கேட்டாத்தானே? உட மாட்டேன்னுட்டாங்க."

அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். கதவைச் சாத்தப்போகிறோம், உட்காருங்கள் என்று பணிப்பெண் திருப்பி அனுப்பிவிட்டாள். போய்ச் சேரும்வரை சுகந்தி சீட்டில் சாயவே இல்லை. எனக்கு ஜன்னலோரம். கடல் நன்றாகத் தெரிந்தது.

இறங்கியதும் பை வண்டியில் வந்தது. அடியில் கிடந்தது. மேலே ஒரு பெரிய இரும்புப் பெட்டி.

அறைக்கு வந்து திறந்தாள். வெள்ளை லென்ஸை ஆட்டினால் உள்ளே சலசலவென்று சத்தம். இன்னொரு லென்ஸின் வாய் வளைந்து, எதிலும் பொருந்தமாட்டேன் என்கிறது. பாடிக்கு உயிரே வரவில்லை. சுகந்தி அழவில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்துத் துண்டின் மேல் வரிசையாக வைத்தாள். பிறகு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அவனுக மேல கேஸ் போடலாம்" என்றேன்.

"உங்க மேல தப்பில்லைங்க" என்றாள். "நான்தான் முன்னாடி போயிருக்கக் கூடாது."

பிப்ரவரி 15, சனி

வெயிலில் யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்களுக்கெல்லாம் அலைந்தோம். ஒருவர் தங்கமான மனுஷன், தன்னிடம் இருந்த மூன்று லென்ஸையும் எடுத்து மேசையில் வைத்து, "கொண்டு போங்கோ, பிறகு தாங்கோ" என்றார். வேறு கம்பெனி லென்ஸ். எங்கள் கேமராவில் மாட்டாது. டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆக, அவள் தோளில் மாட்டிவந்த ஒரு பாடி, அதில் மாட்டியிருக்கிற சின்ன லென்ஸ். பக்கத்தில் போனால்தான் முகம் தெரியும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கல்யாணம்.

எப்போதும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தூரத்திலிருந்தே எடுத்துவிடுவாள். இன்று மணவறைக்குள்ளேயே நுழைந்து நுழைந்து எடுத்தாள். ஐயர் இரண்டு தடவை முறைத்தார். தாலி கட்டுகிற நேரம். வீடியோக்காரர் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டார். சுகந்தி முட்டி போட்டுத் தவழ்ந்தாற்போலப் பெண்ணின் பக்கத்தில் போனாள். அப்போது பெண்ணின் பெரியப்பா, பட்டுவேட்டி கட்டிய பெரிய மனிதர், "எங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை, தள்ளிப் போங்கோ பிள்ளை!" என்று கத்திக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் பின்னால் சாய்ந்து விழுந்தாள். கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்ததால் முழங்கை தரையில் பட்டுத் தோல் உரிந்தது. மேளம் முழங்கியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். அவள் எழுந்திருக்கும்போது தாலி கட்டி முடிந்திருந்தது.

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். என் கையில் லைட் இருந்தது. அதைப் போட்டுவிட்டுப் போக முடியுமா?

பிப்ரவரி 17, திங்கள்

மத்தியானம் பெண் வீட்டில் விருந்து. இலை போட்டு உட்கார வைத்தார்கள். பெண்ணின் அம்மா, "அந்தப் படம் இல்லையோ பிள்ளை? தாலி கழுத்தில ஏறின படம்?" என்று மூன்றாவது தடவையாக வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

எங்களுக்கு எதிரே சிவாஜினி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். சென்னையில் சங்கீதம் படித்தவள், ராத்திரி வரவேற்பில் வயலின் வாசித்தாள். எங்களோடு அதே விமானத்தில் வந்தவள். சுகந்தியின் முழங்கைக் கட்டைப் பார்த்து விசாரித்தாள். சுகந்தி நடந்ததைச் சொன்னாள். என்னை விட்டுக்கொடுக்காமல்தான் சொன்னாள். "இவரு பாவமுங்க. என் கூட வர்றதுக்காகக் கெடச்ச வேலையையே வேண்டாம்னுட்டாரு. அந்த ஆளுக பையைப் புடுங்கிட்டாங்க, இவரு என்ன பண்ணுவாரு?"

சிவாஜினி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "புடுங்கினவங்களோ? என்ர வயலினையும் கேட்டவங்கள் அக்கா. உடையிற சாமான் எண்டு சொன்னன். சரி, மேல கொண்டு போங்கோ எண்டு விட்டிட்டினம். அண்ணா எனக்குப் பின்னால நிண்டவர். உள்ளுக்கு உடையிற சாமான் ஏதும் இருக்கோ எண்டு இவரையும்தான் கேட்டவங்கள். இல்லையெண்டு தலையாட்டினவர். உடுப்புப் பையாக்கும் எண்டு நினைச்சன்."

"அந்த இரைச்சல்ல அவன் கேட்டதே காதுல விழலை" என்றேன்.

"ஓம், சரியான இரைச்சல்தான்" என்றாள் அந்தப் பெண். நல்ல பெண். சட்டென்று குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பில் போட்டிருந்தார்கள். பயற்றங்காய், வாழைக்காய், பருப்பு, மோர்மிளகாய். கடைசியில் சொதி என்று தேங்காய்ப்பாலில் ஒன்று ஊற்றினார்கள், நம் பக்கம் கிடைக்காது. பாயாசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். சுகந்தி இலையை மூடிவிட்டுக் கைகழுவப் போனாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

திரும்பினோம். பையை அவளே தள்ளிக்கொண்டு வந்தாள். உடைந்ததைத் தூக்கிக்கொண்டு போவதில் என்ன ஜாக்கிரதையோ.

பிப்ரவரி 22, சனி

கேட்டுவிட்டால் பதில் சொல்லிவிடலாம். கேட்கமாட்டேன் என்கிறாள். காபி கொடுக்கிறாள், துணி மடித்து வைக்கிறாள், வெந்நீர் போட்டாச்சுங்க என்கிறாள். வெள்ளை லென்ஸ் தேறாது என்று சென்னை சர்வீஸ் சென்டரிலிருந்து சொல்லிவிட்டார்கள். போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள். வெகுநேரம் கழித்து இறங்கிவந்து கீரை ஆய்ந்தாள்.

பிப்ரவரி 26, புதன்

இன்று சாப்பிடும்போது வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு ஏணிகிட்ட அவர் கேட்டது நெசமாவே உங்க காதுல விழலைங்களா?"

"விழலைன்னு அப்பவே சொன்னேனே."

"அந்தப் பொண்ணுக்கு விழுந்துதுங்களே."

நான் தட்டை நீட்டினேன். அவள் குழம்பு ஊற்றினாள். பிறகு, ரொம்ப மெதுவாக, என்னமோ வரம் கேட்கிறவள் மாதிரி, "காது டாக்டர்கிட்ட ஒருக்காப் போலாமுங்களா? கொஞ்ச நாளா டிவி சத்தமா வெக்கிறீங்க. வயசாகுதில்லீங்களா. இருந்தாலும் இருக்கும்" என்றாள்.

மார்ச் 1, சனி

காது டாக்டர். முதலில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், எவ்வளவு மெல்லக் கேட்டாலும் அழுத்த வேண்டும் என்று பரிசோதிக்கிற பெண் சொன்னாள்.

முதல் சத்தம் கேட்டது. கொசு ரீங்காரம் மாதிரி. நான் அழுத்தவில்லை. அடுத்தது கேட்டது. அதையும் விட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். கையைக் கோத்து நெஞ்சோடு வைத்திருந்தாள். என் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஷிணியின் பரீட்சை முடிவு வந்த அன்று இப்படி நின்றாள். நான் அழுத்தாமல் விட்ட இரண்டாவது தடவை, அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எத்தனையோ நாளுக்கு அப்புறம் அப்படி ஒரு முகம்.

காது கேட்காமல் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு.

அடுத்த சத்தத்துக்கு அழுத்தினேன். அதற்கடுத்ததுக்கும். மெல்ல, இன்னும் மெல்ல, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத சத்தத்துக்கெல்லாம் அழுத்தினேன். வேலை போனவன், பை தூக்குகிறவன். செவிடன் என்று வேறு ஒரு பெயர் எனக்கு எதற்கு?

அவள் பக்கம் மறுபடி பார்த்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"காது பிரமாதமா இருக்குங்க சார்" என்றார் டாக்டர். "உங்க வயசுல இப்படிப் பாக்கறதே அபூர்வம். எதுக்கு வந்தீங்க?"

"சும்மா பாத்துக்கலாம்னு" என்றாள் சுகந்தி.

ஆட்டோவில் அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 4, செவ்வாய்

ரோஷிணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. ஹாலில் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாம் கண்ணு. டாக்டர் சொன்னாரு. ... ம், அதனாலதான் அன்னைக்கு அப்படி ஆகிப்போச்சு. பாவம், அவருக்கே தெரியல. ... மெஷினெல்லாம் வேண்டாமாம். நீ ஒண்ணும் கேட்டுக்காத, சங்கடப்படுவாரு."

மார்ச் 5, புதன்

காலையில், "ஏனுங்க! காபி!" என்று சத்தமாகச் சொன்னாள். நாலடி தூரத்தில்தான் இருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அடுக்ககத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. செயலாளர் என் தோளைத் தொட்டு, காதருகில் வந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கத்தினார். புதிதாகக் குடிவந்தவர் கையாட்டினார். யாரும் இப்போது என்னிடம் எதையும் கேட்பதில்லை.

ரோஷிணி கூப்பிட்டாள். முதல் தடவையாக என்னோடு நெடுநேரம் பேசினாள், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி. நான் இரண்டு இடத்தில், "என்ன கண்ணு?" என்று திரும்பக் கேட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

சுகந்தி இன்று மைசூர் போகிறாள். கடன் வாங்கிய ஒரு லென்ஸ். லண்டன்காரர்கள் அதற்கப்புறம் பேசவே இல்லை. கூட வருவதற்குப் புதிதாக ஒரு பெண்ணை வைத்திருக்கிறாள், பெயர் தமிழரசி. கெட்டிக்காரி மாதிரி தெரிகிறது. நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பையை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"சார்கிட்டச் சொல்லீட்டுப் போலாங்க்கா" என்றாள் தமிழரசி.

சுகந்தி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவளுக்கும் எனக்கும் நடுவே சாப்பாட்டு மேசை ஒன்றுதான். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அவருக்குக் கேக்காது. வா, போலாம்."

நான் பேப்பரைத் திருப்பினேன்.